அக்கரைச்சி மாரித்தாய்

சின்னக்கானலுக்கு மேலே, தேயிலை முடிந்து யானைக்காடு தொடங்கும் இடத்தில் இருந்த எஸ்டேட்டின் மேல் டிவிஷனில் மாரித்தாய் என்ற பெயரில் மூன்று பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி குட்டை மாரித்தாய். ஒருத்தி ஃபேக்டரி மாரித்தாய். மூன்றாவது ஆளை ராக்கப்பன் பெண்டாட்டி என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். எழுபதுகளின் நடுவில் அந்தப் பெயர் மாறி அவள் அக்கரைச்சி மாரித்தாய் ஆனாள். முதலில் கேலியாகத்தான் அப்படிக் கூப்பிட்டார்கள்.

அவள் பிறந்ததே அங்கே லயத்தில்தான், தோட்டக் கூலிகள் குடியிருக்கும் வரிசை வீடுகளில். அப்பா அம்மா சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர்கள். எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்பு வரை தமிழ் படித்தாள். அதற்குப் பிறகு கூடை. கொழுந்து எடுப்பதில் பெரிய கெட்டிக்காரி இல்லை, நடுத்தரம். ஆனால் வாசிப்பில் ஒரு பைத்தியம் உண்டு. உப்பு கட்டி வந்த காகிதத்தைக்கூடப் பிரித்து வாசித்துவிட்டுத்தான் அடுப்பில் போடுவாள்.

ஃபேக்டரியில் வேலை பார்த்த ராக்கப்பனைக் கட்டிக்கொண்ட இரண்டாம் வருஷம் முதல் பிள்ளை உண்டானது. வலி கண்டது ஒரு காலை நேரம், வேலைக்குப் பேர் கொடுக்க மஸ்டருக்கு ஆள் கூடும் வேளை. ஆஸ்பத்திரி மலைக்குக் கீழே இருந்தது. ஜீப் வரச் சொல்லி ஆள் விட்டும் வரவில்லை. ஒரு நாள் கூலி போய்விடும் என்று ஒவ்வொரு பெண்ணும் அடுத்தவள் கூடப் போவாள் என நினைத்துத் தேயிலைக் காட்டுக்குப் போய்விட்டார்கள். புருஷனும் பெண்டாட்டியுமாக இறங்கினார்கள். பாதி வழியில் அவளால் நடக்க முடியவில்லை. "இந்தப் பாறையில உக்காரு, நான் ஓடிப்போய் ஜீப்பக் கூட்டியாரேன்" என்று ராக்கப்பன் ஓடினான். அவன் ஜீப்போடு திரும்பியபோது எல்லாம் முடிந்திருந்தது. பனி இறங்கிக் கிடந்த வளைவில் பிள்ளை பிறந்து, அழாமலே போய்விட்டது.

அவள் ராக்கப்பனைக் குறை சொல்லவில்லை. அவன் ஓடாமல் என்ன செய்வான்? லயத்துப் பெண்களையும் சண்டைக்கு இழுக்கவில்லை. ஆனால் அன்றைக்குத் தன் கையைப் பிடித்துக்கொள்ள ஒருவரும் இல்லாமல் போனது மட்டும் அவளுக்கு ஆறவே இல்லை. பிறகு ஒரு பெண்ணும் ஒரு பையனும் நல்லபடியாகப் பிறந்து வளர்ந்தார்கள். அப்போதும் அந்த வளைவைத் தாண்டும்போது பேச்சை நிறுத்திவிடுவாள்.

இப்படியிருக்கையில் ஒரு வாரப் பத்திரிகையில் ஒரு தொடர்கதை வந்தது. சின்னக்கானல் முக்கில் டீக்கடை வைத்திருந்தவர் தான் படித்து முடித்த பத்திரிகையை ராக்கப்பனிடம் கொடுத்தனுப்புவார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கிரெச்சின் வராந்தாவில் பெண்கள் கூடுவார்கள். ஒருத்தி அரிசி புடைப்பாள், ஒருத்தி மகளுக்குப் பேன் பார்ப்பாள். மாரித்தாய் உரக்க வாசிப்பாள்.

ஏதோ ஒரு ராஜா காலத்துக் கதை. பெரிய ஆற்றங்கரையில் தோணி ஓட்டும் பெண் ஒருத்தி, அக்கரைச்செல்வி என்று பெயர். சண்டை வருகிறது. ஊர்கள் எரிகின்றன. தோணி எதுவும் ஓடக் கூடாது என்று ராஜா உத்தரவு போடுகிறான். அக்கரைச்செல்வி மட்டும் உத்தரவை மீறுகிறாள். நிறைமாதப் பெண்கள் கரையில் வந்து நின்று குரல் கொடுத்தால், வெள்ளமானாலும் அம்பு பறந்தாலும் தோணியைக் கொண்டுவந்து ஏற்றிக்கொள்வாள். "பயப்படாதே, நான் கூட இருக்கிறேன்" என்பாள். ஒவ்வொரு வாரமும் எப்படியும் ஒருமுறை அதைச் சொல்லிவிடுவாள். அந்த வரி வரும்போது மாரித்தாயின் குரல் கொஞ்சம் இறங்கும். கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்குக் காரணம் தெரியும். அவர்களும் தலையைக் குனிந்துகொள்வார்கள்.

கதைக்குள் ஒரு இளவரசனும் இருந்தான். பெண்கள் அவனை அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை.

வருஷக்கணக்கில் ஓடிய கதை ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிந்தது. மாரித்தாய் கடைசிப் பக்கத்தை வாசித்துவிட்டு நிமிர்ந்தாள். சண்டை ஓய்ந்து, அக்கரைச்செல்வி இளவரசனைக் கட்டிக்கொண்டு அரண்மனைக்குப் போய்விட்டாள்.

பக்கத்து லயத்துச் செபமாலையம்மாள் புடைத்துக்கொண்டிருந்த சொளகைக் கீழே வைத்தாள். எல்லோருக்கும் மூத்தவள், பெரிய தொண்டைக்காரி.

"தோணி என்னாச்சு?"

"அரண்மனைக் கொளத்துல அழகுக்குக் கெட்டிப் போட்டிருக்காகளாம், அக்கா."

"அப்ப கரையில நிக்கிற பொம்பளைக?"

மாரித்தாய் பக்கத்தை இன்னொரு தரம் புரட்டிப் பார்த்தாள். "அதப்பத்தி ஒண்ணும் எழுதல."

"நல்லா வாசி."

"வாசிச்சிட்டேன்க்கா. முற்றும்னு போட்டாச்சு."

செபமாலையம்மாள் சொளகை மறுபடி மடியில் எடுத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "எழுதுன மனுசனுக்கு முற்றும். அவரு விட்டுட்டாருன்னா நாம வச்சுக்கிடுவோம். அவ ஒண்ணும் அரண்மனைக்குப் போகல. தோணிய எடுத்துக்கிட்டு மலைக்கு வந்துட்டா."

எல்லோரும் சிரித்தார்கள். மாரித்தாயும் சிரித்தாள். அன்றைக்கு அது வெறும் பேச்சு.

அடுத்த ஆடியில் மழை பிடித்தது. ரோட்டில் மண் சரிந்து ஜீப் ஏற வழியில்லை. செபமாலையம்மாளின் தங்கை மகள் அன்னமேரிக்கு வலி கண்டது மஸ்டர் வேளையில். மாரித்தாய் கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தபோது அன்னமேரி லயத்து வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மாரித்தாய் கூடையைக் கழற்றினாள். "இன்னைக்குக் கூலி போனாப் போகுது" என்றாள். பிறகு, ஏன் என்று அவளுக்கே தெரியாமல், "தோணிய எடுங்கடி!" என்று கத்தினாள்.

தோணிக்கு எங்கே போவது? மேனேஜர் பங்களாவிலிருந்து கழித்துப் போட்ட பிரம்பு நாற்காலி ஒன்று கிரெச்சில் கிடந்தது. செபமாலையம்மாள் அதைத் தூக்கி வந்தாள். இரண்டு மூங்கிலை இரண்டு பக்கமும் வைத்துக் கட்டி, அன்னமேரியை உட்கார வைத்து, மேலே பிளாஸ்டிக் படுதாவைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். நாலு பேர் தோள் கொடுக்க, மற்றவர்கள் மாற்றாள். மண் சரிந்த இடத்தில் கால் முட்டு வரைக்கும் புதைந்தது. அன்னமேரி பயந்து அலறினாள்.

"பயப்படாத தாயி, நாங்க கூட இருக்கோம்" என்றாள் மாரித்தாய். "அக்கரைச்சி கூட இருக்கா."

"யாரு சித்தி அது?" என்றாள் அன்னமேரி அந்த வலியிலும்.

"கதைய நீயுந்தான கேட்ட! தோணிக்காரி."

அன்னமேரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தாள். பெண் குழந்தை பிறந்தது.

அதற்குப் பிறகு அது வழக்கமாயிற்று. யாரும் கூடிப் பேசிச் சட்டம் போடவில்லை. ஒரு பெண்ணுக்கு வலி கண்டால் 'தோணி' என்று ஒரு குரல் போகும். அந்தக் குரல் கேட்டவர்கள் கூடையை இறக்கிவிட்டு வர வேண்டும். கூலி போனதைப் பற்றி அப்புறம் முணுமுணுக்கக் கூடாது. நாற்காலியைக் கிரெச் வராந்தாவில் ஒரு மூலையில் வைத்தார்கள். சும்மா இருக்கும் நாட்களில் அதில் யாரும் உட்காருவதில்லை. யாரோ ஒருத்தி ஒரு நாள் அதன் மேல் ஒரு டேலியாப் பூவை வைத்தாள். மறுநாள் இன்னொருத்தி வைத்தாள். நிறைமாதக்காரிகள் அந்தக் கைப்பிடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள். வேதக்காரப் பெண்கள் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு நாற்காலியைத் தொட்டார்கள். மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் திருநீறு பூசிய கையாலே தொட்டார்கள். பின்சுவரில் ஒருத்தி சாக்கட்டியால் பெயர் எழுதினாள். 'அக்கறைச்சி' என்று பெரிய றகரம் போட்டுவிட்டாள். மாரித்தாய் பார்த்தாள், திருத்தவில்லை.

பூ வந்தபிறகுதான் பிரச்சினையும் வந்தது.

டிவிஷனில் மாரியம்மன் கோயில் கமிட்டிக்குத் தலைவர் குருசாமி. அவர் வார்த்தைக்கு லயத்தில் மதிப்பு உண்டு. அந்தோணியார் கோயிலில் பாதிரியார் வராத ஞாயிறுகளில் ஜெபம் நடத்தும் உபதேசியார் சுவக்கீன். மெதுவாகப் பேசுகிறவர். திருவிழாத் தேதி, மைக்செட், தண்ணீர்க் குழாய் என்று எதிலும் ஒத்துப்போகாத இரண்டு பேரும் இந்த ஒரு விஷயத்தில் ஒன்றாகி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மஸ்டர் மைதானத்தில் ஊரைக் கூட்டினார்கள்.

குருசாமி கையில் ஒரு பத்திரிகை இருந்தது. "எல்லாரும் கேட்டுக்கோங்க. இந்தக் கதைய எழுதுனவரே சொல்லியிருக்காரு. அக்கரைச்செல்வி முழுக்க முழுக்க எங் கற்பனை, அப்படி ஒருத்தி பூமியில இருந்ததே இல்லைன்னு. நம்ம பொம்பளைக இங்க பூப் போட்டுக் கும்பிடுறாக. வெளிய தெரிஞ்சா சிரிக்க மாட்டாங்களா?"

மாரித்தாய் எழுந்தாள். "அந்தப் பக்கத்த மொதல்ல வாசிச்சதே நாந்தான அண்ணாச்சி. இவுகளுக்கும் வாசிச்சுக் காட்டுனேன்."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. குருசாமிக்கு முகம் சிவந்தது. உண்மையைச் சொன்னால் பெண்கள் வெட்கப்பட்டுக் கலைந்துவிடுவார்கள் என்று எண்ணித்தான் அவர் வந்திருந்தார். உண்மை அவருக்கு முன்னாலேயே அங்கே வந்து உட்கார்ந்திருந்தது.

சுவக்கீன் சிரிக்கவில்லை. "நான் கேலிக்குக் கேக்கல மாரி. கதைன்னு தெரியுங்கிற. அப்புறம் எப்படி மனசாரக் கும்பிட முடியும்? பொய்னு தெரிஞ்சது கிட்டப் போயி என்னத்தக் கேப்ப?"

 பக்கத்திலிருந்த செபமாலையம்மாள் எதையோ சொல்ல வாயெடுத்தாள். மாரித்தாய் அவள் கையை அமுக்கினாள். கேட்டவர் நல்ல மனசோடு கேட்டார், ஒப்புக்கு ஒன்றைச் சொல்லி அவரை மடக்க அவளுக்கு விருப்பமில்லை. "யோசிச்சுச் சொல்லுதேன் உபதேசியாரே" என்றாள்.

கூட்டம் ஒரு முடிவும் இல்லாமல் கலைந்தது. குருசாமி போகிற போக்கில், "சாமி பேர வச்சு வெளையாடாதீக, அவ்வளவுதான்" என்றார். அன்றிலிருந்துதான் அவளுக்கு அக்கரைச்சி மாரித்தாய் என்ற பெயர் நிலைத்தது.

அந்த வருஷ மழையில் அழகுத்தாய் செத்துப்போனாள்.

இளம்பெண், இரண்டாவது பிரசவம். தோணிக் குரல் போன உடனே பெண்கள் வந்துவிட்டார்கள், ஒரு நிமிஷமும் தாமதமில்லை. ஃபேக்டரிக்கு மேலே உள்ள வளைவில் ரத்தம் போகத் தொடங்கியது. சேலைகளைக் கிழித்துக் கட்டினார்கள். ஓடினார்கள். அழகுத்தாய் மாரித்தாயின் கையைப் பிடித்திருந்தாள். பிடி மெல்ல மெல்லத் தளர்ந்து வந்ததை மாரித்தாய் உணர்ந்துகொண்டே ஓடினாள். ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். பிள்ளையை மட்டும் எடுக்க முடிந்தது.

"கதையில வர்றவ வந்து ரத்தத்த நிறுத்துவாளா?" என்று டீக்கடையில் யாரோ சொன்னதாக அவள் காதுக்கு வந்தது. அதைச் சொன்னவன்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. அதையே அவளும் நினைத்துக்கொண்டிருந்தாள். தாயில்லாத பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் விறகு அடுக்கின் பின்னால் போட்டாள். சுவரிலிருந்த பெயரை ஈரத்துணியால் துடைத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வாசிக்கக் கூப்பிட்டபோது தலைவலி என்றாள். ராக்கப்பன் வாங்கிவந்த பத்திரிகைகள் பிரிக்கப்படாமல் கிடந்தன.

ஒரு மாதம் போயிருக்கும். மத்தியானம் சோற்றுக்கு வீட்டுக்கு வந்தபோது வாசலில் அழகுத்தாயின் அம்மா சின்னத்தாய் உட்கார்ந்திருந்தாள். மடியில் பேரப்பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. மாரித்தாய் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றாள்.

"நாக்காலி எங்க?" என்றாள் சின்னத்தாய்.

"அத்த, அது வேண்டாம்."

"கீழ் லயத்து நல்லமுத்து மகளுக்கு மாசம் நெறைஞ்சிருச்சு. இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கா. நாக்காலி எங்கன்னு கேட்டேன்."

"உம் மகளயே காப்பாத்த முடியல. என்னத்த நெனச்சு அதத் தூக்க?"

சின்னத்தாய் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டாள். "மாரியாத்தாளுக்கு நேந்து முடிச்சுப்போட்டு வச்சிருந்தேன். அவளும் காப்பாத்தல. வேளாங்கண்ணிக்குச் செபமாலையம்மா நேந்தா. அங்கயும் ஒண்ணும் நடக்கல. அதுக்காக அந்தக் கோயிலயெல்லாம் இடிச்சா போட்டாக? ஒன் தோணிக்காரிக்கு மட்டும் என்ன தனி நாயம்?" பிள்ளை சிணுங்கியது, தட்டிக்கொடுத்தாள். "எம் மக போற வழியில தனியாப் போகல, மாரி. ஒங்க கையெல்லாம் அவ மேல இருந்துச்சு. நான் பின்னாலேயே ஓடிவந்தேன், பாத்தேன். அது போதும்னு சொல்ல மாட்டேன். ஆனா அது இல்லாமப் போயிருந்தா நான் இன்னைக்கு எந்திரிச்சு ஒன் வாசலுக்கு வந்திருக்க மாட்டேன்."

மாரித்தாய் அவள் காலடியில் உட்கார்ந்து அழுதாள். அந்த மாதம் முழுக்க வராத அழுகை. பிறகு இரண்டு பேருமாக விறகை விலக்கி நாற்காலியை எடுத்தார்கள். ஒரு கால் உடைந்திருந்தது. ராக்கப்பன் சாயங்காலம் வந்து புதுக் காலை வைத்து ஆணி அடித்துக் கொடுத்தான்.

அடுத்த ஞாயிறு அவள் அந்தோணியார் கோயில் வாசலில் ஜெபம் முடியும்வரை காத்திருந்து சுவக்கீனிடம் போனாள்.

"அன்னைக்குக் கேட்டீகள்ல, அதுக்குச் சரியாப் பதில் சொல்ல எனக்கு இப்பவும் தெரியல உபதேசியாரே. கும்பிடுறேனா இல்லையான்னு எனக்கே புரியல. ஆனா அவ பேரச் சொன்னா பயம் கொறையுது. பயம் கொறைஞ்சா தூக்க முடியுது. ஒருத்தர் வீட்டுப் பிள்ளைக்கு ஊரே கூடைய எறக்குது. முன்ன அது இல்ல. ஒங்க சாமியும் எங்க மாரியாத்தாளும் எத்தன வருசமா இங்க இருக்காக, நானும் அவுகளக் கும்பிட்டுத்தான் வளந்தேன். அப்பவும் நான் பாறையில தனியாத்தான் உக்காந்திருந்தேன்."

சுவக்கீன் கையிலிருந்த ஜெபப் புத்தகத்தை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "அதுல சாமி மேல குத்தமில்ல" என்றார். "கும்பிட்ட எங்க மேலதான். நீ பாறையில உக்காந்த அன்னைக்கு நானும் மஸ்டருக்குத்தான் போனேன்." பிறகு, "அத வேதம்னு நான் ஒத்துக்க மாட்டேன் மாரி. வெளையாட்டுன்னும் இனிமே சொல்ல மாட்டேன்" என்றார்.

"அது போதும்" என்றாள் அவள்.

அழகுத்தாயின் சாவு இன்னொன்றையும் அவளுக்குச் சொல்லியிருந்தது. தோளும் நாற்காலியும் எல்லா ரத்தத்தையும் முந்திவிட முடியாது. மேல் டிவிஷனில் ஒரு ஜீப் எப்போதும் நிற்க வேண்டும். ரோட்டைக் கட்ட வேண்டும். ஒரு சம்பள நாளன்று பெண்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் எஸ்டேட் ஆபீஸ் வாசலில் வைத்தார்கள். சின்னத்தாய் பேரப்பிள்ளையோடு அதன் பக்கத்தில் நின்றாள்.

மேனேஜர் வெளியே வந்தார். கோட்டயம் பக்கத்துக்காரர், வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. எந்த யூனியன் என்று கேட்டார். யூனியன் இல்லை, அக்கரைச்சிக்காரிகள் என்று செபமாலையம்மாள் சொன்னாள். அவருக்குப் புரியவில்லை. "ஆராணு ஈ அக்கரைச்சி?" என்று பக்கத்திலிருந்த கிளார்க்கிடம் கேட்டார். கிளார்க் அவர் காதில் ஏதோ சொல்ல, அவருக்குச் சிரிப்பு வந்தது. "கதயிலுள்ள பெண்ணோ?"

கோயில் திருவிழாவுக்கு லீவு கேட்க வந்து வராந்தாவில் நின்றிருந்தார் குருசாமி. அந்தச் சிரிப்பைப் பார்த்தார். தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"எங்க பொம்பளைகளோட சாமி சார்" என்றார். "அவுக கேக்குறதக் கொஞ்சம் நின்னு கேளுங்க."

மேனேஜரின் சிரிப்பு நின்றது. மாரித்தாய் குருசாமியைத் திரும்பிப் பார்த்தாள். அவர் எங்கோ தேயிலைச் சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உடனே எல்லாம் கிடைத்துவிடவில்லை. இன்னும் இரண்டு மழைக்காலம் நாற்காலிதான் இறங்கியது. பெண்கள் மறுபடி போனார்கள், யூனியன்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். ரோட்டு வளைவில் கருங்கல் சுவர் எழுந்தது. எழுபத்தெட்டில் மேல் டிவிஷனுக்கென்று ஒரு ஜீப் வந்தது. நடுவில் நீளப் பலகையும் மெத்தையும் போட்ட ஜீப்.

அடிமாலியிலிருந்து வந்த செபாஸ்டின் அதற்கு டிரைவர். வந்த இரண்டாம் வாரத்திலேயே காலையில் கூப்பிட்டுவிட்டார்கள். அன்னமேரிக்கு இரண்டாவது பிரசவம். அவளை ஏற்றிப் படுக்கவைத்ததும் செபாஸ்டின் வண்டியைக் கிளப்பினான். செபமாலையம்மாள் பானெட்டில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். "நில்லுய்யா! ஆள் ஏறல."

"சேச்சி, பேஷன்ட் ஏறியாச்சல்லோ?"

"கூட ஒருத்தி ஏறாம வண்டி எடுக்கக் கூடாது. இங்க அப்படித்தான்."

மாரித்தாய் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பின்னால் ஏறி, அன்னமேரியின் தலையை மடியில் எடுத்துக்கொண்டாள். ஜீப் இறங்கியது. அன்னமேரி பல்லைக் கடித்துக்கொண்டு, "அக்கரைச்சி, அக்கரைச்சி" என்று முனகிக்கொண்டிருந்தாள். செபாஸ்டின் கண்ணாடியில் பார்த்தான். அவனும் வேதக்காரன். புனிதர்கள் பெயர் நிறையத் தெரியும். இது தெரியவில்லை.

"அது ஏது தெய்வமா சேச்சி?"

மாரித்தாய் அன்னமேரியின் நெற்றியைத் துடைத்தாள். "ஒரு கதையில வர்றவ தம்பி" என்றாள். "பள்ளத்தப் பாத்து ஓட்டு."

"சரி சேச்சி" என்று அவன் கியரை மாற்றி, வண்டியை மெதுவாக வளைவில் திருப்பினான்.